பாயில் மணி உள்ள படகு: ஜி.பி.14, நாலு வருடம் ஓட்டியபின்

450 பவுனுக்கு ஒரு படகு வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது, "எத்தன ஹெச்.பி. எஞ்சின் தாயி?"

எஞ்சின் கிடையாது, பாய்மரம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காக்காய் சத்தம் மட்டும் கேட்டது.

"நாங்க அத விட்டுத் தொலைச்சு நாப்பது வருசமாச்சு. நீ காசு குடுத்து வாங்கிருக்கியாக்கும்."

தொண்டிக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். அப்பா பாய் கட்டிய வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். எஞ்சின் வந்த பிறகு பாயைச் சுருட்டிக் கூரைக்கு அடியில் செருகிவிட்டார். நானும் தம்பியும் தூங்கிய தூளி அந்தத் துணியில் கிழித்ததுதான். பாய்மரம் என்றால் எங்களுக்கு அதோடு சரி. அப்புறம் திருவிழாவுக்கு நடக்கும் படகுப் போட்டி. அதையும் கரையிலிருந்து பார்த்ததுதான். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் வலையிலிருந்து நண்டு கழிப்போம், ஐஸ் உடைப்போம், ஏலத்தில் சண்டை போடுவோம். படகில் ஏற மாட்டோம். நான் முதன்முதலாகப் படகில் ஏறியது நர்ஸ் வேலைக்கு பர்மிங்காம் பக்கம் வந்தபிறகு, கடல் வாசனையே எட்டாத ஒரு நீர்த்தேக்கத்தில். அங்கே ஒரு சின்ன கிளப். அது எது என்பது இங்கே முக்கியமில்லை. படகைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஜி.பி. என்றால் ஜெனரல் பர்ப்பஸ். எல்லா வேலைக்கும் ஆகும் என்று அர்த்தம். 14 என்பது அடிக்கணக்கில் நீளம், மீட்டரில் 4.27. அகலம் 1.54 மீட்டர். மரம், பாய் எல்லாம் கழற்றிவிட்டு வெறும் ஓடத்தை நிறுத்தால் 133 கிலோவுக்கு ஒரு நூல் குறைவு. 1949ல் ஜாக் ஹோல்ட் என்ற இங்கிலாந்துக்காரர் வரைந்தது, யாட்டிங் வேர்ல்டு என்ற பத்திரிகையின் ஆதரவோடு. போர் முடிந்து நாலு வருடம். தண்ணீர் பட்டால் விட்டுப்போகாத பசையும் நல்ல ப்ளைவுட்டும் போர்க்காலத்தில் தேறி, அப்போதுதான் சாதாரணமானவர் கைக்கு வந்துகொண்டிருந்தன. அதுவரை படகு கட்ட வேண்டுமென்றால் பலகையை வளைக்கத் தெரிந்த ஆசாரி வேண்டும். ப்ளைவுட் வந்தபிறகு வீட்டு ஷெட்டில் வைத்து, சனி ஞாயிறுகளில், கையில் ஓரளவு பதம் உள்ள யாரும் கட்டிவிடலாம் என்று ஆனது. துடுப்புப் போடலாம், சின்ன எஞ்சின் மாட்டலாம், சின்னக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுக்கலாம், பிள்ளைகுட்டியோடு சுற்றலாம், ஞாயிற்றுக்கிழமை ரேஸிலும் விடலாம். ஹோல்ட் மனதில் வைத்திருந்தது அத்தனையும். இதுவரை 14,000க்கு மேல் கட்டியாகிவிட்டது. இலங்கையில்கூட ஓடுகிறது.

அதே ஹோல்ட்தான் 1963ல் பாரி பக்னலோடு சேர்ந்து சிவப்புப் பாய் போட்ட மிரர் படகையும் கொண்டுவந்தார். எண்ணிக்கையில் அது இதைத் தூக்கிச் சாப்பிட்டது. நானும் முதலில் மிரர்தான் வாங்கப் பார்த்தேன். விலை இன்னும் குறைவு. ஆனால் அதில் வளர்ந்த ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கிறது. ஜி.பி.யில் மூன்று பேர் சாப்பாட்டுக் கூடையோடு ஏறலாம். ஏறியிருக்கிறோம், புளியோதரையோடு.

இப்போது குறைகள். கனம், அதுதான் முதல் குறை. தண்ணீரில் இருக்கும்வரை கனம் நல்லது. அலை அடித்தால் தக்கை மாதிரித் துள்ளாது, கூட வருகிற கத்துக்குட்டி எழுந்து நின்றாலும் சட்டென்று சாயாது. கரையில் அதே கனம் எமன். சரிவில் டிரெய்லரோடு மேலே இழுக்க நாலு பேர் வேண்டும், இரண்டு பேர் என்றால் முதுகு போகும். தனி ஆளாக ஓட்ட நினைக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். என்னோடு முன்பாய்க் கயிறு பிடிக்க வருவது வார்டில் கூட வேலை பார்க்கும் திருச்சூர்க்காரி. இருவரின் ட்யூட்டியும் ஒத்துவராத வாரம் படகு கரையில் தார்ப்பாய்க்குள்தான் கிடக்கிறது. இதையெல்லாம் யோசிக்காமல் வாங்கினேன்.

வேகமும் சுமார்தான். இங்கே விதவிதமான படகுகளை ஒன்றாக ஓடவிட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் வைத்து நேரத்தைச் சரிசெய்வார்கள். போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று பெயர். எண் கூடக்கூட மெதுவான படகு. ஜி.பி.14க்கு 1130 பக்கத்தில். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவதால், நமக்கு முன்னால் கரை சேர்ந்தவர் பட்டியலில் நமக்குக் கீழே வருவதும் உண்டு. எனக்கு இதுவரை அந்த மாதிரி நடந்ததில்லை. கணக்கு என் பக்கம் இருக்கிறது, கைதான் இல்லை.

பழைய மரப்படகு வாங்கியதால் வந்த வினை தனி. விற்றவர் "கொஞ்சம் கசியும்" என்றார். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்குவது நடுப்பலகை. அதை இறக்கும் பெட்டி அடிப்பலகையோடு சேரும் இடத்தில் அரைமணி நேரத்தில் ஒரு பால்கேன் அளவு தண்ணீர் வந்தது. முதல் வருடம் முழுக்கத் திருச்சூர்க்காரி அடிப்பகுதி அறுத்த பால்கேனால் இறைத்துக்கொண்டே வந்தாள். குளிர்காலத்தில் கவிழ்த்துப் போட்டு, கீழே பொருத்தியிருந்த பித்தளை ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பாதி ஸ்க்ரூ கையோடு உடைந்து வந்தது. எபாக்சி, புது ஸ்க்ரூ, வார்னிஷ் என்று 180 பவுன். படகு விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. ஃபைபர் படகு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. இந்த விலையும் இருக்காது.

கவிழ்ந்த கதையையும் சொல்ல வேண்டும், அது படகின் குற்றம் இல்லை. இரண்டாவது வருடம் மே மாதம். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, எங்கள் ஊரில் தாமான் கயிறு, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் அரைமணியில் உள்ளங்கை எரியும். அதற்காக, எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் பக்கவாட்டில் ஒரு கிளீட் மாட்டியிருந்தார். கயிற்றை இழுத்துப் பல்லில் செருகினால் அப்படியே கவ்விக்கொள்ளும். நான் செருகிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் உண்டு. வாடை என்றால் வடக்கு, சோழகம் என்றால் தெற்கு, கச்சான் என்றால் மேற்கு. வருகிற மாதமும் தெரியும். மரங்களுக்கு நடுவில் உள்ள நீர்த்தேக்கத்தில் காற்று எந்தச் சந்திலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. ஒரு வீச்சு வந்தது. தண்ணீரில் கருப்பாக ஒரு சுருக்கம் எங்களை நோக்கி ஓடிவந்ததைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கயிற்றைக் கிளீட்டிலிருந்து மேல்நோக்கிச் சுண்டி விடுவிக்க வேண்டும். நான் என்னை நோக்கி இழுத்தேன். இழுக்க இழுக்கப் பாய்தான் இறுகியது.

மெதுவாகத்தான் கவிழ்ந்தது, மாவு மூட்டை சாய்கிற மாதிரி. அவள் மலையாளத்தில் மாதாவைக் கூப்பிட்டாள். படகு முழுதும் தலைகீழாகி, பாய்மரத்தின் நுனி அடிச்சேற்றில் குத்தி நின்றது. சரியாகும்வரை இருபது நிமிடம். மீட்புப் படகில் வந்தவர்கள் இழுக்க, நான் நடுப்பலகை மேல் ஏறி நின்று பின்னால் சாய, சேறு அப்பிய பாயோடு எழுந்தது. சேறு கழுவியும் அந்தப் பாயில் பழுப்பு இன்னும் இருக்கிறது. உள்ளே காற்றறை இருப்பதால் மூழ்காது. அதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தண்ணீரில் மிதந்துகொண்டு குளிர் நடுங்கத் தெரிந்துகொள்வது வேறு.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாமான் கயித்தக் கையில புடிச்சிருந்தியா, கட்டி வச்சிருந்தியா?" என்றார்.

கட்டவில்லை, கிளீட் என்று ஒன்று இருக்கிறது, நவீனமானது, என்றேன்.

"கட்டித்தான் வச்சிருக்க. அதக் கழட்டி எறி."

கழற்றவில்லை. கை எரிகிறதே.

பாயில் மணி என்று தலைப்பில் போட்டதற்கு வருகிறேன். ஜி.பி.14 எங்கே இருந்தாலும், பெரிய பாயின் மேல்பகுதியில், படகின் எண்ணுக்குப் பக்கத்தில், ஒரு மணியின் படம் இருக்கும். கோயில் மணி மாதிரியே. வாங்கிய புதிதில் யாரோ பக்தியோடு ஒட்டியது என்று நினைத்தேன். அது ஒரு ஊரின் அடையாளம். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், டவி ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள அபர்டவி. 1949ல் இந்தப் படகை முதன்முதலில் தங்கள் படகாக ஏற்றுக்கொண்டது அந்தச் சின்ன ஊரின் கிளப். அதனால் ஊரின் மணியே பாயில் ஏறிவிட்டது.

போன வருடம் ஜூலையில் நானும் திருச்சூர்க்காரியும் அங்கே போனோம், படகு இல்லாமல், ரயிலில். பர்மிங்காமிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மக்கன்லெத்தில் ரயிலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அபரிஸ்ட்வித்துக்கும் மறு பாதியை வடக்கே கடலோரமாகவும் அனுப்புவார்கள். எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று பார்த்து உட்கார வேண்டும். கடைசி இருபது நிமிடம் தண்டவாளம் கழிமுகத்தின் ஓரத்திலேயே போகிறது. பாம்பன் மாதிரி தண்ணீருக்கு நடுவில் இல்லை, ஆனால் ஜன்னலில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தெரியாத இடங்கள் உண்டு.

ஊர் ஒரே தெரு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் வெளிர் நிறம் பூசிய வீடுகள். துறையில் பிள்ளைகள் வரிசையாகக் குப்புறப் படுத்து, கயிற்று நுனியில் பன்றி இறைச்சித் துண்டு கட்டி, நண்டு பிடிக்கிறார்கள். பிடித்ததை வாளியில் போட்டு எண்ணிவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே கொட்டிவிடுகிறார்கள். நண்டு கழித்துக் கை நாறி வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்க என்னவோ செய்தது. அந்த நண்டு குழம்புக்குத் தேறாது என்று திருச்சூர்க்காரி ஆறுதல் சொன்னாள்.

கிளப்புக்கு இப்போது டவி யாட் கிளப் என்று பெயர். ஊர் நடுவில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. யாட் கிளப் என்றதும் நமக்குத் தோன்றுவது வேறு. சென்னையில் 1911ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளே இருக்கிறது, என்னைப் போன்றவர்கள் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. இது அப்படி இல்லை. கழிமுகம் ஆழம் குறைவு என்பதால் பெரிய படகுகளுக்கு வழியில்லை. டிங்கி எனும் சின்னப் படகுகளைத்தான் ஓட்டுகிறார்கள், ஈஸ்டரிலிருந்து இலையுதிர் காலம்வரை. ஆழம் இல்லாததுதான் இந்தப் படகையே இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆழமான துறைமுகமாக இருந்தால் இந்த ஊர்க்காரர்கள் பதினான்கு அடி ப்ளைவுட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா?

தண்ணீரில் பிள்ளைகளைப் பழக்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1941ல், போரின் நடுவில், அவுட்வர்டு பவுண்டு பள்ளி தொடங்கியது இங்கேதான். கப்பல் மூழ்கி உயிர்காக்கும் படகில் தத்தளிக்கும்போது இளவட்டங்கள் சீக்கிரம் மனம் விட்டுவிடுகிறார்கள் என்ற கவலையில், ப்ளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டும் கல்வியாளர் கர்ட் ஹானும் ஆரம்பித்தது. இந்த ஹோல்ட் வேறு, படகு வரைந்த ஹோல்ட் வேறு.

நாங்கள் போன நேரம் வத்தம் தொடங்கியிருந்தது, அதாவது ஏத்தத்தில் ஏறிய கடல் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம். எங்கள் பாக் நீரிணையில் ஒரு மீட்டர்கூட வராது. அவ்வளவு தண்ணீரும் ஒரு குறுகலான வாய் வழியாக வெளியே போக வேண்டும். மிதவைகள் எல்லாம் சாய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நுரை வால். ஏழெட்டுப் படகுகள் அதை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. நடு ஓடையில் போனவை ஓடுவது போலத் தெரிந்தும் கரைக் கம்பத்தோடு ஒப்பிட்டால் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரே ஒரு ஜி.பி. மட்டும் மணல்திட்டை உரசினாற்போல, இழுப்பு குறைந்த ஆழமில்லாத தண்ணீரில், நடுப்பலகையைப் பாதி தூக்கிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து முன்னே வந்தது. சுக்கான் பிடித்திருந்தது அறுபது தாண்டிய ஒரு அம்மா. துறையை ஒட்டித் திரும்பியபோது கையைப் பார்த்தேன். தாமான் கயிறு விரலில் இருந்தது. கட்டவில்லை, செருகவில்லை. காற்று கூடினால் இரண்டு விரற்கடை விடுகிறார், குறைந்தால் இழுக்கிறார், கிணற்றில் வாளி இறங்கியிருக்கும்போது கயிற்றைப் பிடித்திருப்போமே, அந்தப் பிடி. முகம் கயிற்றைப் பார்க்கவே இல்லை.

என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர், நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்து, உங்களிடம் ஜி.பி. இருக்கிறதா என்றார். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி, பாய் எண் என்ன? நம்மூரில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதுபோல. ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்றேன். "அப்போ மரம்," என்றார். கசிகிறதா என்று கேட்கவில்லை, "எங்கே கசிகிறது?" என்று கேட்டார்.

துறையிலிருந்து நீளும் மரப்பாலத்தின் கீழ் ஒரு நிஜ மணி தொங்குகிறது. 2011ல் மார்கஸ் வெர்கெட் என்ற சிற்பி அமைத்தது. ஆள் அடிப்பதில்லை; ஏத்தத்தில் தண்ணீர் மேலே வந்து மணியின் நாக்கை ஆட்டும்போது ஒலிக்கும். அதற்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தோம். இங்கே ஒரு பழங்கதை உண்டு: இந்த விரிகுடா முழுக்க ஒரு காலத்தில் நாடாக இருந்தது, கான்ட்ரர் குவைலோட் என்று பேர், கடலைத் தடுத்த மதகுக்குக் காவல் இருந்த செய்தெனின் குடித்துவிட்டுக் கிடந்த ராத்திரி கடல் உள்ளே வந்துவிட்டது, அமைதியான நேரத்தில் அந்த ஊர்களின் மணிகள் தண்ணீருக்கு அடியில் கேட்கும் என்று. பாயில் இருப்பது அந்த மணி. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் போர்த் கடற்கரையில், வத்தம் நன்றாக இறங்கினால், ஆயிரக்கணக்கான வருடம் பழைய மரக்கட்டைகள் வேரோடு மணலில் தெரியும். கதை சும்மா வரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கேட்டது. டங் என்று இல்லை. ஒரு அலைக்கு ஒன்று, அடுத்த அலைக்கு ஒன்றுமில்லை, அப்புறம் இரண்டு. ஊரில் நடுராத்திரி என்றாலும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, போனைப் பாலத்துக்குக் கீழே நீட்டினேன். கதையையும் சொன்னேன்.

"தனுஸ்கோடி மாதிரி," என்றார்.

1964 டிசம்பரில் அவருக்கு ஒன்பது வயது. புயல் அடித்து மூன்றாம் நாள் தாத்தாவோடு கடற்கரைக்குப் போனதையும், என்னவெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது என்பதையும் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அன்று பத்து நிமிடம் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில், "அங்க தண்ணி எப்படி, தெளிவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சரி, வாங்கலாமா? கூட ஒரு ஆள் நிச்சயம் உண்டு, கரையில் தூக்க நாலு பேர் கிடைப்பார்கள், குளிர்காலத்தில் உப்புத்தாளும் வார்னிஷும் பிடிக்கும் என்றால் தாராளமாக. பழையது என்றால் நடுப்பலகைப் பெட்டியின் அடியையும், பின்பலகை மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் விலை பேசாதீர்கள். டிரெய்லர் டயர் உருள்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுத்த முட்டாள் நான். வேகம்தான் வேண்டுமென்றால் இது வேண்டாம். ஐந்துக்கு நாலு போடுவேன். அந்த ஒன்று என் முதுகுக்காகக் குறைத்தது.

அபர்டவியிலிருந்து வந்த வாரமே கிளீட்டைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறது. இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறேன், வெயில் வந்ததும் எபாக்சி வைத்து அடைக்க வேண்டும்.